துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை

திருகாணி முடுக்குவதை ஒரு வேலை என்றே யாரும் மதிப்பதில்லை. கையில் ஸ்குரூ டிரைவர் இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம் என்று நினைப்பு. நான் இருபத்தாறு வருடம் அதைத்தான் செய்தேன். துப்பாக்கி சுடும் கிளப்பின் பின்பக்கம், சுடுகளத்தை ஒட்டினாற்போல் ஓர் அறை. ஒரு வேலை மேஜை, அதில் சாமானைக் கவ்விப் பிடிக்கப் பொருத்திய ஒரு வைஸ், வடக்குப் பார்த்த ஒரு ஜன்னல். உறுப்பினர்கள் என்னைத் 'திருகு' என்று கூப்பிடுவார்கள். கேலியாக ஆரம்பித்தது, பிறகு அதுவே பெயராகிவிட்டது. கிளப் செயலாளர்கூட அறிவிப்புப் பலகையில் 'பழுது இருந்தால் திருகுவிடம் கொடுக்கவும்' என்று எழுதிப் போட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. எழுத்துப்பிழை இல்லாமல் எழுதியிருந்தார்.

எழுதிக்கொள்கிறவருக்குக் கை வலித்தால் சொல்லட்டும் ஐயா, நிறுத்துகிறேன்.

அந்த அறைக்கு வருகிறவர்கள் துப்பாக்கியை மேஜைமேல் வைப்பார்கள். "எப்ப ரெடியாகும்?" என்பார்கள். நான் "வியாழக்கிழமை" என்பேன். போய்விடுவார்கள். சில நாட்களில் 'வியாழக்கிழமை' என்ற ஒரே ஒரு சொல்லை மட்டும் பேசிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கிறேன். வீட்டில் பேச ஆள் கிடையாது. வெளியூரில் ஒரு தங்கை. மாதத்தின் முதல் ஞாயிறு போன் செய்வாள். "சாப்டியாண்ணா? உடம்பு எப்படி இருக்கு?" என்பாள். "சாப்ட்டேன், நல்லாருக்கு" என்பேன். பின்னால் குக்கர் சத்தம் கேட்கும். "சரிண்ணா, வெச்சிடறேன்" என்பாள். என் வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளர் இருந்தது. உடைந்தால் மாற்றுக்கு ஆகட்டும் என்று இன்னொன்று வாங்கி வைத்தேன். ஒன்பது வருடமாக முதல் டம்ளர் உடையவே இல்லை.

இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. நிலவரம் அதுதான்.

டாக்டரம்மா வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். பல் டாக்டர். பெரிய ரோட்டில் சொந்தமாகக் கிளினிக் வைத்திருந்தார். நாற்பது வயது இருக்கும், கல்யாணம் ஆகி முறிந்துபோன மாதிரி, கூட யாரும் இல்லை. பொழுதுபோக்குக்காகக் கிளப்பில் சேர்ந்தவர், யாரோ கைமாற்றி விட்ட பழைய பாயின்ட் டூ டூ ரைஃபிள் ஒன்றை வாங்கியிருந்தார். தோட்டாவின் பின்விளிம்பில் ஊசி அடித்து வெடிக்கிற சின்ன ரகம் அது. சத்தம் கம்மி, தோளில் உதையும் கம்மி. பெரிய துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைப் பொம்மை என்பார்கள். ஆனால் அதைவிட முசுடு கிடையாது. இன்றைக்குப் பிடித்த தோட்டா நாளைக்குப் பிடிக்காது. குளிர்ந்தால் ஒரு மாதிரி, வெயிலில் ஒரு மாதிரி.

ஐம்பது மீட்டரில் சுட்ட இலக்குத் தாளை என் முன்னால் விரித்தார். ஐந்து ஓட்டை, ஐந்தும் ஐந்து திசையில்.

"அண்ணா, இது என் தப்பா, துப்பாக்கியோட தப்பா?" என்று கேட்டார்.

"வெச்சிட்டுப் போங்க டாக்டர். வியாழக்கிழமை சொல்றேன்."

"நான் இங்கயே நின்னு பாக்கலாமா?"

அத்தனை வருடத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.

துப்பாக்கியின் மரக்கட்டையைக் கழற்றினேன். இரும்புப் பாகம் மரத்துக்குள் உட்கார வேண்டிய இடத்தில் சரியாக உட்காரவில்லை. ஒரு காகிதத்தை இடையில் நுழைத்து இழுத்துக் காட்டினேன், தடையே இல்லாமல் வந்தது. சுடும்போதெல்லாம் இரும்பு கொஞ்சம் இடம் மாறுகிறது, அதனால் குண்டும் இடம் மாறுகிறது என்றேன்.

"அட, எங்க வேலை மாதிரியே இருக்கே. பல்லுக்குக் கேப் போடறப்போ உள்ள மயிரிழை இடம் விட்டாலும் ஆட்டம் காட்டும்."

"பல்லு வலிச்சா ஆளு கத்துவாரு டாக்டர். கட்டை கத்தாது."

அவர் சிரித்தார். ரேடியோவைச் சேர்க்காமல் சொன்னால், அந்த அறையில் ஒருவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து பதினான்கு சனிக்கிழமை. இரும்பு உட்காரும் இடத்தில் பிசின் ஊற்றி, அச்சு மாதிரி இறுகவைத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, தன் கிளினிக்கில் அச்செடுக்கும் மாவுக்கு இதைவிட வாசனை பரவாயில்லை என்றார். குழலைத் துடைத்தால் கன்னங்கரேலென்று ஈயம் வந்துகொண்டே இருந்தது. முந்தைய சொந்தக்காரர் துடைத்ததே இல்லை போலிருக்கிறது. "இவரு பல்லும் தேச்சிருக்க மாட்டாரு" என்றார் டாக்டரம்மா. குழல் வாயில் நகத்துக்குத் தட்டுப்படாத ஒரு பிசிறு இருந்தது, அதைச் சரிசெய்தேன். பிறகு திருகுகள். கட்டையையும் இரும்பையும் சேர்த்துப் பிடிப்பது முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. எத்தனை இறுக்கம் என்பதை அளந்து முடுக்கும் சாவி என்னிடம் உண்டு. கொஞ்சம் முடுக்கி ஐந்து குண்டு, இன்னும் கொஞ்சம் முடுக்கி ஐந்து குண்டு என்று அந்தத் துப்பாக்கிக்குப் பிடித்த இறுக்கத்தைத் தேடினோம். மணல் பைமேல் துப்பாக்கியைச் சாய்த்து அவர் சுடுவார், நான் தொலைநோக்கியில் பார்த்து ஓட்டை விழுந்த இடத்தைச் சொல்வேன். கடைசியில் தோட்டா. ஒரே பெயர், ஒரே பெட்டி, ஆனால் வேறு வேறு சமயம் தயாரானவை. ஒன்று பிடிக்கும், ஒன்று பிடிக்காது. பதினோரு வகை சுட்டுப் பார்த்தோம்.

பதினான்காவது சனிக்கிழமை ஐந்து குண்டும் ஒரே ஓட்டையில் போயின. சட்டைப் பொத்தானை வைத்தால் மறைந்துவிடும். அவர் அந்தத் தாளை ஜன்னலுக்கு நேராகப் பிடித்து, ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார்.

"முடிஞ்சிடுச்சுண்ணா. இனிமே உங்களுக்குத் தொந்தரவு குடுக்க மாட்டேன்" என்றார்.

நன்றியாகத்தான் சொன்னார். ஒரு டப்பா பிஸ்கட் கொடுத்துவிட்டுப் போனார். நான் ஒரு தடவைகூடத் தொந்தரவு என்று சொன்னதில்லை. அந்த வார்த்தை அவர் வாயில் எப்படி வந்தது என்று ரொம்ப நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் அவர் கிளப்புக்கு வந்தார், அறைக்கு வரவில்லை. வாசலில் போகும்போது கை காட்டுவார். பயிற்சியாளர் அவரைப் போட்டிக்குத் தயார்செய்ய ஆரம்பித்திருந்தார். எல்லோரும் 'மாஸ்டர்' என்று கூப்பிடும் ஆள், கலகலப்பானவர், முன்னால் பெரிய போட்டிகளில் சுட்டவர். சுவருக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மாவின் துப்பாக்கிச் சத்தம் எனக்குத் தனியாகத் தெரியும். பத்துப் பேர் சுட்டாலும் தெரியும். சத்தம் கேட்கும், மாஸ்டர் ஏதோ சொல்வார், அவர் சிரிப்பார். அப்படி ஐந்து சனிக்கிழமை போயிற்று.

சட்டப்படி துப்பாக்கிகள் கிளப்பின் இரும்பு அலமாரியில்தான் இருக்க வேண்டும். சாவி ஒன்று செயலாளரிடம், இன்னொன்று என்னிடம். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அலமாரியைத் திறந்து, அவர் ரைஃபிளின் பின்திருகைக் கொஞ்சம் தளர்த்தினேன். கால் சுற்றுகூட இல்லை.

மறுநாள் மூன்று மணிக்கு வாசலில் நின்றார். "அண்ணா, என்னமோ ஆயிடுச்சு. பழையபடி சிதறுது."

"உக்காருங்க டாக்டர். பாப்போம்" என்றேன்.

ஐந்து நிமிட வேலை. மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டேன். அவர் தன் கிளினிக்குக்கு வந்த ஒரு பெரியவரைப் பற்றிச் சொன்னார். பல் செட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்து, 'இது வாயில இருந்தா பேச வரல' என்றாராம். நானும் ரொம்ப நேரம் சிரித்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது தொண்டை லேசாகக் கம்மியிருந்தது. அத்தனை பேசியிருந்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பது முகத்திலேயே தெரிகிறது. நானும் நினைத்தேன். மூன்று வாரம் பொறுத்தேன். பிறகு மறுபடியும் தளர்த்தினேன். நாலாவது தடவை வந்தபோது அவர், "பேசாம இத வித்துட்டு வேற வாங்கிடவா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. குறை துப்பாக்கியில் இருக்கும்வரை, புதுசு ஒன்று வாங்கினால் விஷயம் முடிந்துபோகும். புதுத் துப்பாக்கிக்குத் திருகு தேவைப்படமாட்டான்.

அதனால் முறையை மாற்றிக்கொண்டேன். சிதறுகிறது என்று துப்பாக்கியை என்னிடம் விட்டுப்போனால், அவர் திரும்பி வருவதற்கு முன்பே திருகைச் சரியாக முடுக்கி வைத்துவிடுவேன். அவர் கண் முன்னால் மணல் பையில் சாய்த்து நானே ஐந்து குண்டு சுடுவேன். ஐந்தும் ஒரே ஓட்டை. தாளை அவரிடம் கொடுப்பேன்.

"துப்பாக்கியில ஒரு குறையும் இல்ல டாக்டர்" என்பேன்.

அவர் தாளைப் பார்ப்பார். பிறகு தன் கையைப் பார்ப்பார்.

திருகை மட்டும் நம்பியிருந்தால் மாட்டிக்கொள்வேன் என்பதால் சில வாரம் தோட்டாவை மாற்றினேன். அவர் பெட்டியிலேயே, அதே பெயருள்ள ஆனால் அந்தத் துப்பாக்கிக்குப் பிடிக்காத வகையைப் போட்டுவைத்தேன். ஒரு வாரம் நன்றாகச் சுடுவார், மறுவாரம் சிதறும். எப்போது சிதறும் என்று அவருக்குத் தெரியாது. மனுஷருக்கு அதுதான் கஷ்டம். எப்போதும் கெட்டுப்போனது என்றால் விட்டுவிடுவார்கள்.

அவர் கையைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். அவராகத்தான் கேட்டார். "அண்ணா, என் கை நடுங்குதா, பாருங்க" என்று இரண்டு கையையும் நீட்டினார். அந்தக் கை கல் மாதிரி நின்றது. நான் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியல டாக்டர், பெரிய டாக்டருங்ககிட்ட காட்டிக்கோங்க" என்றேன். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

நரம்பு டாக்டரிடம் போனார். தலையை ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றதும் பயம் அதிகமானது. இன்னொருவரிடம் போனார், அவர் ஒரு மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டால் மத்தியானமெல்லாம் தூக்கம் சொக்கும். கண்ணைப் பரிசோதித்தார். காபியை நிறுத்தினார். அதற்கப்புறம் நான் அவருக்கு வெந்நீர்தான் கொடுத்தேன். மாற்றுக்கு வாங்கி வைத்திருந்த டம்ளரை அறைக்குக் கொண்டுவந்து அவருக்கென்று வைத்தேன்.

ஒரு நாள் வந்து, பல்லுக்கு வேர் சிகிச்சை செய்வதை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். "உள்ள ஊசி மாதிரி சாமான் விட்டு நோண்டற வேலைண்ணா. நடுவுல கை ஆடிச்சுன்னா யாருக்குப் பதில் சொல்றது?" இரண்டு மாதம் கழித்துப் பல் பிடுங்குவதையும் விட்டார். பிறகு கிளினிக்கைக் கூட இருந்த சின்ன டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டு, வருகிறவர்களுக்குப் பெயர் எழுதும் இடத்தில் கொஞ்ச நாள் உட்கார்ந்திருந்தார். அதுவும் பிடிக்காமல் போகவே, வாரத்தில் ஒரு நாள் வந்தவர் மூன்று நாள் அறைக்கு வர ஆரம்பித்தார். மத்தியானம் வந்தால் ஆறு மணிவரை இருப்பார். சில சமயம் பேசாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அதுவும் பிடித்திருந்தது. ஒருத்தர் மூச்சு விடுகிற அறையில் வேலை செய்வது வேறு மாதிரி.

அவருக்கு ஓர் அக்கா உண்டு. தன்னோடு வந்து இருக்கும்படி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாராம். "இங்க உங்ககிட்ட பேசினா மனசு லேசாகுதுண்ணா" என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டார். அந்த ஒன்பது மாதத்தைத்தான் என் நல்ல காலம் என்று சொல்வேன். யாருக்கும் பெரிசாக எந்தக் கெடுதலும் நடக்கவில்லை.

மாஸ்டர் கெட்டவர் இல்லை. அவர் என்னிடம் முகம் சுளித்துப் பேசியதே கிடையாது. ஒரு புதன்கிழமை என் அறைக்கு வந்து, டாக்டரம்மா சுட்ட பழைய தாள்களை மேஜைமேல் வரிசையாகப் போட்டார்.

"திருகு, இத கொஞ்சம் பாரேன். கை நடுங்கறவங்க சுட்டா ஓட்டை எல்லாப் பக்கமும் போகணும். இதுல பாதி தாளுங்கள்ல மேலயும் கீழயும் மட்டும்தான் போகுது. இது கை இல்லப்பா. தோட்டாவோ திருகோ, ரெண்டுல ஒண்ணு."

"நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன் மாஸ்டர்."

"நீ பாத்ததுல தப்பிருக்கும்னு சொல்லல. என்கிட்ட புது பெட்டி தோட்டா இருக்கு, அளவுச் சாவியும் இருக்கு. சனிக்கிழமை அவங்கள உக்கார வெச்சு ஒவ்வொண்ணா பாத்துடலாம். பாவம், நல்லா இருந்த டாக்டர். அநியாயமா மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு கெடக்கறாங்க. நீயும் கூட இரு, என்ன?"

"சரி மாஸ்டர்" என்றேன்.

இப்போது நீங்கள் கேட்பீர்கள். திருகை முடுக்கி, தோட்டாவைப் பழையபடி மாற்றி வைத்திருந்தால் போதுமே, அவர் என்ன கண்டுபிடித்திருப்பார் என்று. ஒன்றும் கண்டுபிடித்திருக்க மாட்டார். அதுதான் சிக்கல். புதுத் தோட்டாவில் டாக்டரம்மா ஐந்தையும் ஒரே ஓட்டையில் போடுவார். தன் கையில் ஒன்றுமில்லை என்று தெரிந்துகொள்வார். திங்கட்கிழமை கிளினிக்கைத் திறப்பார். என்னிடம் அவர் கோபித்துக்கொள்ளக்கூட மாட்டார். 'தேங்க்ஸ்ணா' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் துப்பாக்கியை எடுத்து விசையில் கைவைத்தேன். என்ன செய்தேன் என்பதை விவரமாகச் சொல்ல விரும்பவில்லை, யாராவது கற்றுக்கொள்ளக் கூடாது. தோட்டாவைப் போட்டு, குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டை அழுத்தி மூடினால், விசையைத் தொடாமலே வெடித்துவிடும் என்ற நிலைக்குக் கொண்டுவந்தேன். தோட்டா இல்லாமல் பத்துத் தடவை மூடிப் பார்த்தேன். எட்டுத் தடவை ஊசி விழுந்தது.

குண்டு ஏதாவது சுவரில் போகும், கிளப் பயந்துபோய்த் துப்பாக்கியை என்னிடம் ஒப்படைக்கும், மாஸ்டரின் பரிசோதனை நின்றுபோகும். அவ்வளவுதான் என் எண்ணம் என்று போன வருடம் முழுக்க எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் மாஸ்டருக்கு ஒரு பழக்கம். மற்றவர்கள் யாராவது சுடுகிறவருக்கு முன்னால் விரல் நீட்டினாலும் கத்துவார். தான் சொல்லிக்கொடுக்கும்போது மட்டும், ஆள் தோட்டா போட்டுக்கொண்டிருக்கையில் குனிந்து, குழலுக்கு அடியில் இருக்கும் மணல் பையைக் கையால் தட்டிச் சரிசெய்வார். தலை குழல் வாய்க்குப் பக்கத்தில் வரும். நாலைந்து தடவை நானே எச்சரித்திருக்கிறேன். "விடு திருகு, விசையில யாரும் கை வெக்கல இல்ல" என்பார்.

அந்தச் சனிக்கிழமையும் குனிந்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். தொலைநோக்கி என் கையில் இருந்தது. டாக்டரம்மா போல்ட்டை மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருந்தது. 'டாக்டர்' என்று கூப்பிட்டாலே போதும், நின்றிருப்பார்.

நான் கூப்பிடவில்லை.

சின்னச் சத்தம். அந்தத் துப்பாக்கியின் சத்தம் எப்போதுமே சின்னதுதான். மாஸ்டரின் கழுத்தில் பட்டது. அதிக நேரம் கஷ்டப்படவில்லை.

"நான் விசைய தொடவே இல்ல" என்று டாக்டரம்மா சொன்னார். இரண்டு தடவை அப்படிச் சொன்னார். மூன்றாவது தடவை, "தொட்டேனா அண்ணா?" என்று என்னைக் கேட்டார். நான் அவர் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கினேன். எல்லோரும் மாஸ்டரைச் சுற்றி நின்றார்கள். பத்திரமாக வைக்கிறேன் என்று சொல்லி அறைக்குக் கொண்டுபோய், விசையைப் பழையபடி ஆக்கினேன். தண்ணீர் கொதிக்கிற நேரம்கூட ஆகவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது அவர் தரையில் உட்கார்ந்து, வலது கையை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அது நிஜமாகவே நடுங்கியது.

அடுத்த வாரம் மாஸ்டரின் மனைவி கிளப்புக்கு வந்தார். மாஸ்டருடைய தொப்பி, தண்ணீர் பாட்டில், சுடும்போது போடும் கோட்டு எல்லாவற்றையும் நான்தான் பழந்துணியில் கட்டிக் கொடுத்தேன். கோட்டைத் துவைத்தே வைத்திருந்தேன். "ரொம்ப உபகாரம் தம்பி" என்றார்.

விசாரணையில் நிபுணர் துப்பாக்கியைச் சோதித்துப் பார்த்தார். என்னையும் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். பழுதுபார்த்தவன் என்பதால் என் வார்த்தைக்கு மதிப்பு இருந்தது. "துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை" என்றேன். அது பொய் இல்லை. அந்த நேரத்தில் இல்லை. டாக்டரம்மா வக்கீலையே பேசவிடவில்லை. நரம்பு டாக்டரின் சீட்டு, ஸ்கேன், மாத்திரை எல்லாவற்றையும் தானே எடுத்துக் கொடுத்தார். கை சரியில்லை என்று தெரிந்தும் துப்பாக்கியைத் தொட்டேன், நான்தான் கொன்றேன் என்றார். நாலு வருடம் போட்டார்கள்.

அக்கா இரண்டு தடவை சிறைக்கு வந்து பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். குடும்பத்துக்கு அவமானமாம். நான் ஒரு தடவைகூடத் தவறவில்லை. மாதத்துக்கு இரண்டு முறை, கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். இருபது நிமிடம். மணி அடித்தால் எழுந்து போக வேண்டும், ஆனால் அந்த இருபது நிமிடத்தில் அவர் வேறு எங்கும் போக முடியாது. சோப்பு, எண்ணெய், படிக்கப் பத்திரிகை கொண்டுபோவேன். "உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா அண்ணா" என்று ஒரு தடவை சொன்னார். பதினோரு மாதம் அப்படிப் போனது.

பிறகு ஒரு நாள் முகம் வேறு மாதிரி இருந்தது. கூட இருக்கும் ஒரு பெண்ணுக்குத் தாடை வீங்கி ஜுரமாம். சிறை டாக்டர் வர நாலு நாள் ஆகும் என்றார்களாம். வேறு வழியில்லாமல் இவர் பல்லைப் பிடுங்கியிருக்கிறார்.

"என் கை நடுங்கவே இல்லண்ணா" என்றார். சந்தோஷமாகச் சொல்லவில்லை. எதையோ கூட்டிக் கழித்துப் பார்க்கிறவர் மாதிரி சொன்னார். "அப்புறம் ஏழு பேருக்குப் பாத்துட்டேன். ஒரு தடவைகூட ஆடல. மாத்திரையும் நிறுத்திட்டேன்."

"நல்லது டாக்டர்" என்றேன்.

"அன்னிக்கு நான் விசைய தொட்டத நீங்க பாத்தீங்களா?"

"நான் மத்தவங்க நிக்கற பக்கம் பாத்துக்கிட்டிருந்தேன் டாக்டர்."

அவர் வலை வழியாக என்னை ரொம்ப நேரம் பார்த்தார். மணி அடிக்கக் கொஞ்சம் இருக்கும்போதே எழுந்துவிட்டார். "இனிமே நீங்க வர வேணாம்ணா. உங்களப் பாத்தா அந்த ரூம் ஞாபகம் வருது" என்றார். கோபம் இல்லை. கதவைச் சாத்துகிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

அதற்கப்புறம் மூன்று தடவை போனேன். மூன்று தடவையும், பார்க்க விருப்பமில்லை என்று சொல்லியனுப்பிவிட்டார். கொண்டுபோன சோப்பைக் காவலாளியிடம் கொடுத்தேன், அதையும் திருப்பிக் கொடுத்தார். கடிதம் எழுதினேன், பிரிக்காமல் வந்தது. நேற்று முழுக்க அறையில் உட்கார்ந்து யோசித்தேன். காலையில் நேராக இந்த போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். மனசாட்சி என்று ஒன்று இருக்கிறது, ஐயா. ஒரு நிரபராதி உள்ளே இருக்கும்போது நான் எப்படி நிம்மதியாகச் சாப்பிட முடியும்?

ஆக, திருகைத் தளர்த்தியது நான். தோட்டாவை மாற்றியது நான். விசையை அப்படி ஆக்கியதும், மாஸ்டர் குனிவார் என்று தெரிந்தே வாயை மூடிக்கொண்டு நின்றதும் நான்தான். டாக்டரம்மா ஒன்றுமே செய்யவில்லை. அவரை விட்டுவிடுவீர்கள், இல்லையா? வெளியே வந்ததும் நேராகக் கிளினிக்குக்குப் போவார் என்று நீங்கள் நினைக்கலாம். மாட்டார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று என்னிடம் கேட்காமல் அவரால் ஒரு நாள்கூட இருக்க முடியாது. ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. முதல் தடவை கொஞ்சம் சொல்வேன், மிச்சத்துக்கு அவர் மறுபடி வர வேண்டியிருக்கும்.

கையெழுத்து எங்கே போடச் சொன்னீர்கள், இங்கேயா? போட்டுவிடுகிறேன். ஒன்றே ஒன்று மட்டும் சொல்லுங்கள் ஐயா. ஆண்கள் சிறையில் உள்ளே இருக்கிறவர்களைப் பார்க்க ஆட்களை விடுவது எந்தெந்தக் கிழமை?